குடிசைக்கும் உண்டு கோட்டைக் காவல்

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும் வளைத்து நிற்கும் செஞ்சிக் கோட்டையை, மொகலாயத் தளபதி ஜூல்பிகார் கான் 1690-ஆம் ஆண்டு முற்றுகையிடத் தொடங்கி, ஏழாண்டுகளுக்கு மேல் காத்துக் கிடந்து, 1698-இல்தான் கைப்பற்றினார் என்பது சரித்திரப் பிரசித்தம். 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் அக்கோட்டை இடம்பெற்றுவிட்டது. ஆனால் அதன் அடிவாரத்து ஓட்டு வீட்டிலும் ஓலைக் குடிசையிலும் வாழ்கின்ற எளிய பிரஜையின் கதவை அகாலத்தில் அதிகாரம் தட்டும்போது, அவருக்கு அரணாக நிற்பவை சட்டம் விதித்திருக்கும் சில நிபந்தனைகளே; அவற்றை அவர் அறிந்து கேட்டாலொழிய அவை ஏட்டிலேயே உறங்கிவிடும்.

இல்லம் ஒவ்வொன்றும் அதில் வாழ்பவனுக்குக் கோட்டையே என்னும் கொள்கையை இங்கிலாந்தின் நியாயஸ்தலம் 1604-ஆம் ஆண்டிலேயே வகுத்தது. அரசனுடைய அதிகாரியே ஆனாலும், வந்த காரியத்தைச் சொல்லி, கதவைத் திறக்கும்படி கேட்ட பிறகே உள்ளே பிரவேசிக்க வேண்டும் என்றும் அத்தீர்ப்பு விதித்தது. பிரெஞ்சுக்காரரிடமிருந்து செஞ்சி ஆங்கிலேயர் வசமானது 1761-இல். அதற்கு மறு ஆண்டு, லண்டனில் ஜான் என்டிக் என்ற எழுத்தாளரின் வீட்டில் மந்திரியின் ஆணையோடு சேவகர்கள் புகுந்து, நான்கு மணி நேரம் பெட்டிகளையெல்லாம் குடைந்து காகிதங்களை அள்ளிச் சென்றனர். சட்டத்தில் ஆதாரம் காட்ட இயலாத பிரவேசம், மந்திரியின் பெயரால் நடந்தாலும் அத்துமீறலே என்று 1765-இல் காம்டன் பிரபு தீர்ப்பளித்தார்.

நமது அரசியல் சாசனத்தில், நியாயமற்ற சோதனையையும் பறிமுதலையும் தடுக்கும் அமெரிக்க சாசனத்தின் நான்காவது திருத்தத்தைப் போன்ற தனி விதி இல்லை என்பதை, 1954-இல் எம்.பி. சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் எட்டு நீதிபதிகள் சுட்டிக் காட்டினர். ஆயினும், சந்தேகப் பட்டியலில் உள்ளவர் வீட்டுக்கு இரவில் போலீஸார் சென்று பார்க்கும் வழக்கம் செல்லாதென்று 1962-இல் கரக் சிங் வழக்கில் அதே நீதிமன்றம் கூறியது. 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள், அந்தரங்கம் அடிப்படை உரிமையே என ஏகமனதாக அறிவித்து, அவ்வுரிமை இல்லையென்ற சர்மா வழக்கின் கருத்தையும் நீக்கினர்.

2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 185-ஆம் பிரிவின்படி, வாரண்ட் இன்றிச் சோதனையிட விரும்பும் போலீஸ் அதிகாரி, இன்ன பொருளைத் தேடுகிறேன், தாமதித்தால் அது கிடைக்காது என்பதற்கான காரணத்தை முன்கூட்டியே எழுதி வைத்தாக வேண்டும். அப்பதிவின் நகல் 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்டிரேட்டுக்குச் சென்றாக வேண்டும். வீட்டுக்காரர் விண்ணப்பித்தால் அவருக்கும் இலவசமாக நகல் உண்டு. 103-ஆம் பிரிவு, அவ்வட்டாரத்தைச் சேர்ந்த, வழக்கில் சம்பந்தமற்ற, மதிப்புக்குரிய இருவரேனும் சாட்சியாக இருக்க வேண்டும் என்கிறது. பெண்ணின் உடலைப் பெண்ணே, கண்ணியம் குன்றாமல் சோதிக்க வேண்டும். சோதனை முழுவதையும் ஒலியோடு படம்பிடிக்க வேண்டும் என்பது 105-ஆம் பிரிவு புதிதாகச் சேர்த்த கடமை.

இவற்றில் தலையாயது மகஜர். எடுத்த பொருள் ஒவ்வொன்றும், அது எந்த இடத்தில் கிடைத்தது என்பதும் அதில் எழுதப்பட்டு, சாட்சிகள் கையெழுத்திட்டு, ஒரு பிரதி வீட்டுக்காரர் கையில் தரப்பட வேண்டும். ‘நகைகள் சில’ என்று எழுதுவதற்கும், ‘ஒரு ஜோடி தோடு, கல் ஒன்று இல்லாதது, அலமாரியின் மேல்தட்டில் இருந்தது’ என்று எழுதுவதற்கும் உள்ள வித்தியாசம், பின்னாளில் அப்பொருள் திரும்ப வருவதற்கும் மாயமாவதற்கும் உள்ள வித்தியாசமாகும்.

இந்நிபந்தனைகள் அனைத்தும் காற்றில் பறந்தால் என்ன நேரும் என்பதற்குச் சான்றாக நிற்கும் தமிழ்நாட்டின் மாறாத வடு, தர்மபுரி மாவட்டம் அரூருக்கு அருகிலுள்ள வாச்சாத்தி. 1992 ஜூன் 20 அன்று, சந்தனக் கட்டையைத் தேடுவதாகக் கூறி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஊழியர்கள் அப்பழங்குடிக் கிராமத்தில் புகுந்தனர். வீடுகள் சூறையாடப்பட்டன, தானியம் பாழாக்கப்பட்டது, கால்நடைகள் கொல்லப்பட்டன, பதினெட்டுப் பெண்கள் பலாத்காரத்துக்கு ஆளாயினர். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகளே என்று 2011 செப்டம்பர் 29 அன்று தர்மபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சரியாகப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து அதே தேதியில் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அரசாங்க உடுப்பு எவரையும் சட்டத்துக்கு மேற்பட்டவராக்குவதில்லை என்பதை நிலைநாட்ட ஏழை மக்களுக்கு முப்பத்தோராண்டுகள் ஆயின.

பறிமுதலான பொருள் போலீஸாருக்குச் சொந்தமாகிவிடுவதில்லை. வாகனங்களை ஸ்டேஷன் வாசலில் துருப்பிடிக்க விடாமல், தக்க ஜாமீன் பெற்று விரைவில் உரியவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று 2002-இல் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் பணித்தது. புதிய சட்டமோ, பொருள் நீதிமன்றத்துக்கு வந்த 14 நாட்களுக்குள் விவரப் பட்டியலும், படம்பிடித்து முடிந்தபின் 30 நாட்களுக்குள் அதுபற்றிய உத்தரவும் வேண்டும் என்கிறது. நிலத்தையும் வீட்டையும் போலீஸார் இப்பறிமுதல் அதிகாரத்தைக் கொண்டு முடக்க இயலாதென்பது உச்ச நீதிமன்றத்தின் 2019-ஆம் ஆண்டுத் தீர்ப்பு.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். முறைகேடான சோதனையில் கிடைத்தது என்ற காரணத்தால் மட்டும் ஒரு சாட்சியம் தள்ளுபடியாகாது என்பதே உச்ச நீதிமன்றத்தின் பூரன் மல் வழக்குத் தீர்ப்பு முதல் நம் நாட்டின் நிலை. ஆதலால் வழக்கு வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றிராமல், சோதனை நடக்கும் நேரத்திலேயே விழிப்போடிருப்பது அவசியம். பின்னர் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர், மாஜிஸ்டிரேட், மாநில மனித உரிமை ஆணையம், உயர் நீதிமன்றம் என முறையிடும் வழிகளும் திறந்தே இருக்கின்றன.

எனவே செஞ்சி வட்டாரத்துப் பெருமக்களே, சட்டப்படி வருபவரை மறிக்காதீர்கள், மறிப்பது குற்றமாகும். ஆனால் வந்தவரின் பெயரையும் காரணத்தையும் கேளுங்கள், சோதனையின்போது உடனிருங்கள், வெற்றுத்தாளில் ஒருபோதும் கையெழுத்திடாதீர்கள், மகஜர் பிரதியைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். வக்கீல் வைக்க வசதி இல்லையே என்று அஞ்ச வேண்டாம்: பெண்களுக்கும், இருளர் உள்ளிட்ட பழங்குடியினருக்கும், தாழ்த்தப்பட்டோருக்கும் வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி தர வட்டச் சட்டப் பணிகள் குழு கடமைப்பட்டிருக்கிறது, 15100 என்ற தொலைபேசி எண்ணிலும் உதவி கேட்கலாம்.