சம்பளமில்லாத நைட் ஷிப்ட்!

பீச் ஸ்டேஷனில் தாம்பரம் லோக்கலைப் பிடித்து, மாம்பலத்தில் ஏறும் கூட்டத்தில் நசுங்கி, வீடு வந்து சேர மணி எட்டாகிவிடும். ஒன்பதரைக்கு எனக்கு இரண்டாவது ஆபீஸ் ஆரம்பம். செல்போனில் துப்பாக்கிச் சண்டை! குரோம்பேட்டை, பல்லாவரம், பெருங்களத்தூரிலிருந்து தலா ஒருத்தன், தாம்பரத்திலிருந்து அடியேன். தினமும் ஆஜராகாவிட்டால் பரிசு போச்சு. சீசன் முடிவதற்குள் புள்ளி சேர்க்காவிட்டால் பதவி போச்சு.

ஒரு ராத்திரி மனைவி எட்டிப் பார்த்தாள். ''விளையாடறீங்களா, பேலன்ஸ் ஷீட் டாலி பண்றீங்களா? மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?''

சுருக்கென்றது. யோசித்துப் பார்த்தால், அறிகுறி முன்பே தெரிந்திருக்கிறது. 2020 செப்டம்பர் 2-ம் தேதி மத்திய அரசு பப்ஜியைத் தடை செய்தபோது நண்பர்கள் புலம்பினார்கள். எனக்கோ, மழைக்கு ஸ்கூல் லீவு விட்ட மாதிரி ஒரு நிம்மதி! 2021 ஜூலையில் பிஜிஎம்ஐ என்ற பெயரில் அது திரும்பி வந்ததும், லீவு முடிந்த பையன் மாதிரி மறுபடி போய் உட்கார்ந்துவிட்டேன்.

2022 ஜனவரியிலிருந்து அமலில் இருக்கும் உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் 'கேமிங் டிஸார்டர்' இருக்கிறது. கட்டுப்பாடு போய், சோறு தூக்கத்தைவிட விளையாட்டே பெரிசாகி, கெடுதல் தெரிந்தும் விட முடியாமல், பெரும்பாலும் ஒரு வருஷமாவது நீடித்தால்தான் அந்தப் பெயர். அப்படிப்பட்டவர்களுக்காக பெங்களூரு நிம்ஹான்ஸில் 2014-லிருந்தே தனி கிளினிக் உண்டு. அதே பட்டியலில் 'பர்ன்-அவுட்'டும் இருக்கிறது. ஆனால் அது நோயல்ல. உத்தியோகத்தால் வரும் சோர்வுக்கு மட்டுமே அந்தப் பெயர். என் கேஸ் எதில் சேரும்? ஆசையே இல்லாமல் தினம் ஆஜராகிறேனே, சம்பளமில்லாத உத்தியோகம்தான்!

பி.காம். புத்தி சும்மா இருக்குமா? ஒரு வாரம் டைரியில் கணக்கு எழுதினேன். ஆட்டம் முடிந்து சிரித்தால் வரவு, எரிச்சலானால் செலவு. ஏழு ராத்திரியில் வரவு ஒன்றே ஒன்று! 'இத்தனை வருஷம் பாடுபட்டுச் சேர்த்த பதவியாச்சே' என்று மனசு கெஞ்சியது. போன முதலை மீட்கிறேன் பேர்வழி என்று மேலும் முதலைக் கொட்டாதே என்பதுதானே நாம் படித்த பாடம்? நோட்டிபிகேஷனை அணைத்தேன்.

நண்பர்களிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. தயங்கித் தயங்கி, ''நாளையிலேர்ந்து நான் வரலைடா'' என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு பல்லாவரத்துக்காரன், ''அப்பாடா! உனக்காகத்தான்டா நான் வந்துட்டிருந்தேன்'' என்றான். மற்ற இரண்டு பேரும் அதே பாட்டு! நாலு பேரும் ஒருத்தருக்காக ஒருத்தர் தூக்கம் கெட்டிருக்கிறோம், சார்!

இப்போது சனிக்கிழமைகளில் மேற்குத் தாம்பரத்தில் ஒரு டீக்கடையில் நேரிலேயே கூடுகிறோம். இஷ்டமிருந்தால் இரண்டு ஆட்டம். இல்லாவிட்டால் வெறும் அரட்டை. ஒன்பது மணிக்குக் கடையைக் கட்டிவிடுவோம்.

விளையாடாதே என்று உங்களுக்கு உபதேசம் செய்யவில்லை. ஒரே ஒரு வாரம் கணக்கு எழுதிப் பாருங்கள், போதும்.

போன சனிக்கிழமை ஆட்டம் ஆரம்பித்த இரண்டாவது நிமிஷமே நாலு பேரும் அவுட். பெஞ்ச் ஆடுகிற அளவுக்குச் சிரித்தோம். வீட்டுக்கு வந்து டைரியைத் திறந்து எழுதினேன்:

வரவு!