குறுந்தட்டைப் படிக்க மறுக்கும் பழைய விளையாட்டுப் பெட்டி

அலமாரியில் பல்லாண்டு உறங்கிக் கிடந்த பழைய பிளேஸ்டேஷன் பெட்டியைத் தூசு தட்டித் தொலைக்காட்சியோடு இணைக்கிறோம். படம் வருகிறது, ஓசையும் வருகிறது, விளையாட்டு மட்டும் வரவில்லை. உடனே வீட்டில் ஒருவர், 'கண் போய்விட்டது, தூக்கிப் போடு' என்கிறார். மற்றொருவர் திருப்புளியைத் தேடுகிறார். இவ்விருவரில் பின்னவரிடமிருந்துதான் பெட்டியை முதலில் காப்பாற்ற வேண்டும். அதன் காரணத்தைப் போகப் போகக் காண்போம்.

சோனி நிறுவனம் இப்பெட்டியை ஜப்பானில் 1994 டிசம்பர் 3ஆம் நாள் விற்பனைக்கு விட்டது. 2006இல் உற்பத்தி நின்றது. இடைப்பட்ட காலத்தில் 10 கோடிக்கும் மேற்பட்டவை உலகெங்கும் சென்றன. எனினும் புதியது இனி வரப்போவதில்லை. இருப்பதைப் பேணுவதே வழி. தொடக்கத்திலேயே ஓர் எச்சரிக்கை. ஜப்பானியச் சந்தைக்கென்று செய்யப்பட்ட பெட்டி 100 வோல்ட் மின்சாரத்திற்கு உரியது. நம் நாட்டுச் சுவரில் வருவதோ 230 வோல்ட். மின்மாற்றி இல்லாமல் செருகினால், பிறகு இந்தப் பேச்சுக்கே தேவை இராது.

இனி, தட்டு எவ்வாறு படிக்கப்படுகிறது என்று பார்ப்போம். குறுந்தட்டு என்பது 1.2 மில்லிமீட்டர் கனமுள்ள தெளிந்த பிளாஸ்டிக். அதன் மேற்புறத்தில், அச்சிட்ட படத்திற்குச் சற்றுக் கீழே, தகவல்கள் நுண்ணிய குழிகளாகச் சுருள் வடிவில் பதிந்துள்ளன. ஒரு மில்லிமீட்டர் அகலத்தில் அறுநூறுக்கும் மேற்பட்ட சுற்றுகள் அடங்கும். கீழிருந்து வரும் லேசர் ஒளி பிளாஸ்டிக்கைக் கடந்து குழிகளைத் தொட்டுத் திரும்புகிறது. பிளேஸ்டேஷன் தட்டின் அடிப்புறம் கறுப்பாக இருக்கிறதே, ஒளி எப்படிப் புகும் என்று கேட்கலாம். அந்த லேசர் நம் கண்ணுக்கு அநேகமாகப் புலப்படாத அகச்சிவப்பு ஒளி; அந்தக் கறுப்பு நிறம் அதைத் தடுப்பதில்லை. ஒளியைக் குவிக்கும் சிறு வில்லை தட்டின் ஆட்டத்திற்கேற்பத் தானும் மேலும் கீழுமாக, இடமும் வலமுமாக ஓயாமல் அசைந்துகொண்டிருக்கும். வில்லையையும் லேசரையும் தாங்கும் வண்டியைத்தான் பழக்கத்தில் 'கண்' என்கிறோம்.

பிழை எங்கே என்பதைப் பெட்டியே ஓரளவு சொல்லிவிடும். மின்சாரம் கொடுத்ததும் வரும் வெண்மையான திரை, பெட்டிக்குள் இருக்கும் சில்லிலிருந்து வருவது. தட்டே இல்லாவிட்டாலும் வரும். அடுத்து வரும் கருமையான திரைதான் தட்டைப் படித்ததற்கு அடையாளம். முதல் திரை வந்து இரண்டாவது வராவிட்டால், கோளாறு தட்டிலோ கண்ணிலோ மூடியிலோ இருக்கலாம். அல்லது எதிலுமே இல்லாமலும் இருக்கலாம். ஏனெனில் இந்தப் பெட்டிகள் வட்டாரம் பார்ப்பவை. ஜப்பானிய வட்டாரத்திற்கென விற்கப்பட்டவை ஜப்பானியத் தட்டுகளை ஏற்கும். ஐரோப்பாவிலிருந்து உறவினர் வாங்கி வந்த தட்டை ஏற்கா. நகல் தட்டின் கதையும் இதுவே. மூலத் தட்டின் உள்விளிம்பில் இருக்கும் அடையாளத்தை வீட்டுக் கணினியால் பதிய முடியாது. ஆதலால் மாற்றி அமைக்கப்படாத பெட்டி அதைத் திருப்பி அனுப்பிவிடும்.

அடுத்து மூடி. மூடியிலுள்ள சிறு முனை ஒரு விசையை அழுத்தினால்தான் தட்டு சுழலும். காதை அருகில் வைத்துக் கேளுங்கள். சுழலும் ஓசையே இல்லையென்றால் மூடியைக் கையால் சற்று அழுத்திப் பாருங்கள். அதனால் ஓடத் தொடங்கினால் குற்றம் கண்ணுடையதன்று.

தட்டைச் சோதிக்க ஒரு தட்டு போதாது. இரண்டு மூன்று விளையாட்டுத் தட்டுகளையும், கீறலில்லாத ஒரு பாட்டுத் தட்டையும் போட்டுப் பார்க்க வேண்டும். இப்பெட்டி பாட்டையும் பாடும். பாட்டு தடையின்றி ஓடினால் கண் முற்றாகச் சாகவில்லை என்று கொள்ளலாம். தட்டைத் துடைக்கும்போது நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைத்தால் விழும் கீறல் சுருளின் வழியே ஓடி, தொடர்ந்த தகவலை அழித்துவிடும். அடிப்புறக் கீறலை மெருகேற்றிச் சரிசெய்யலாம். படம் அச்சிட்ட பக்கத்துக் கீறல்தான் கொடியது. தகவல் அங்கேதானே இருக்கிறது!

பிறகுதான் வில்லை. நம் ஊர் ஈரக்காற்றும் சமையலறை எண்ணெய்ப் புகையும் அதன்மேல் மெல்லிய படலமாகப் படிவதுண்டு. செருகியைக் கழற்றிவிட்டு, பஞ்சுக்குச்சியில் ஐசோபுரோபில் ஆல்கஹாலைச் சிறிதளவு தொட்டு, பூவைத் தொடுவதுபோல் துடையுங்கள். அழுத்தினால் வில்லையைத் தாங்கும் மெல்லிய கம்பிகள் வளைந்துவிடும். குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே கொண்டுவந்த பெட்டியை உடனே ஓட்டவும் வேண்டாம். வில்லையில் பனித்த நீர் வற்றட்டும். எரியும் லேசரை நேராக உற்றுப் பார்ப்பது கூடவே கூடாது.

இவ்வளவும் செய்தும் பயனில்லை என்றால், தொடக்ககால மாதிரிகளுக்கே உரிய ஒரு நோயை நினைவுகூர வேண்டும். அவற்றில் கண்வண்டி பிளாஸ்டிக்கால் ஆனது. அது உராய்ந்து செல்லும் தடமும் பிளாஸ்டிக். போதாததற்கு, வெப்பம் உமிழும் மின்பகுதிக்கு அருகிலேயே கண்ணை வைத்துவிட்டார்கள். நாள்பட நாள்பட வண்டி தேய்ந்து ஒரு பக்கம் சாய்ந்தது, ஒளியும் சாய்ந்தது. இடைவிடாமல் படித்தாக வேண்டிய அசைபடக் காட்சிகளே முதலில் திக்கத் தொடங்கும். அக்காலத்துப் பிள்ளைகள் பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து விளையாடினார்களே, நினைவிருக்கிறதா? பெரியவர்கள் சிரித்தார்கள். ஆனால் அதில் அறிவு இருந்தது. கவிழ்த்தால் தேய்ந்த வண்டி வேறு பக்கமாகச் சாய்ந்து, வில்லை பழைய நிலைக்குச் சற்று நெருங்கி வரும். நடு அச்சின் பற்றுகள் பிடித்திருப்பதால் தட்டும் விழாது. பின்வந்த மாதிரிகளில் கண்ணை வெப்பத்திலிருந்து தள்ளி வைத்தார்கள். ஆகவே உங்கள் பெட்டி கவிழ்த்தால் ஓடுகிறது, நிமிர்த்தினால் ஓடவில்லை என்றால் நோய் ஏறத்தாழ உறுதியாகிவிட்டது, தேய்ந்தது வண்டி.

இப்போது திருப்புளிக்காரரிடம் வருவோம். கண்ணின் அடியில் ஒரு மிகச் சிறிய திருகு உண்டு. அதைத் திருகினால் லேசருக்குச் செல்லும் மின்சாரம் கூடும். அன்று மாலை விளையாட்டு அருமையாக ஓடும். பலர் இதையே மருந்தென்று பரப்புகிறார்கள். களைத்த குதிரையைச் சாட்டையால் அடித்து ஓட வைப்பதற்கும் இதற்கும் வேறுபாடு அதிகமில்லை. கூடுதல் மின்சாரத்தில் லேசரின் ஆயுள் விரைந்து கரையும். குறை அழுக்கிலோ தேய்வதிலோ இருக்க, நலமாயிருந்த லேசரை நாமே எரித்தவர்களாவோம். திருகு எந்த நிலையில் இருந்தது என்று குறித்துக்கொள்ளாமல் திருகியவர்களுக்குத் திரும்பி வரவும் வழியில்லை. எல்லாச் சோதனையும் முடிந்து, கண்ணை மாற்றுவதென்று முடிவான பிறகு வேண்டுமானால் அதைத் தொட்டுப் பார்க்கலாம்.

மாற்றுக் கண்கள் இன்னும் கிடைக்கின்றன. தரம்தான் ஒரே சீராக இல்லை. வாங்கும்போது உங்கள் பெட்டியின் மாதிரி எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். கையிலுள்ள நிலைமின்சாரம் லேசரைக் கொல்லவல்லது. ஆகவே சில புதிய கண்களில் காப்புக்காகச் சிறு ஈயப்பற்று வைத்து அனுப்புவார்கள். பொருத்தும்போது அதை நீக்க மறந்தால் புதுக் கண்ணும் வேலை செய்யாது. பெட்டிக்குள் சுவர் மின்சாரம் நேராக வரும் பகுதி ஒன்று உண்டு. இதில் பழக்கமில்லாதவர்கள் பழுதுபார்ப்பவரிடம் கொடுப்பதே நன்று.

கொடுக்குமுன் முகப்பில் செருகியிருக்கும் நினைவு அட்டையைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். 128 கிலோபைட் கொண்ட அந்தச் சிற்றட்டையில் பதினைந்து கட்டங்களாக உங்கள் பழைய ஆட்டங்கள் பதிந்திருக்கும். அதற்கு மின்கலம் தேவையில்லை. கண் கெட்டதாலும் அதற்கு ஒன்றும் நேர்ந்திராது. தட்டை எடுத்துவிட்டுப் பெட்டியை ஓட்டினால் அட்டையின் பட்டியல் திரையில் வரும். அண்ணனும் தம்பியும் எந்த இடத்தில் விட்டுச் சென்றார்களோ, அது அங்கேயே இருக்கும்.