பிற்காலப் பரிசுத்தவான் சபையின் இளம் ஊழியர்: அன்றாட வாழ்வும் விசுவாசமும்

நாட்றாம்பாளையத்திலிருந்து அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை வழியாக ஒசூருக்கும், அங்கிருந்து எல்லை கடந்து பெங்களூருக்கும் வேலை தேடிச் செல்லும் இளைஞர் பலர். நம் சபைப் பிள்ளைகளும் அவர்களுள் உளர். அத்தகைய ஒருவன் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஊர் வந்திருந்தபோது, ஆராதனை முடிந்த பின் ஆலய வாசலில் தயங்கி நின்றான். பெங்களூரில் அவன் தங்கியுள்ள அறைக்கு வாரந்தோறும் வியாழன் மாலையில் இரு வாலிபர் வருகின்றனராம். வெள்ளைச் சட்டை, கழுத்தில் டை, மார்பில் கறுப்புநிறப் பெயர்ப்பட்டை. அவனுக்காக ஜெபிக்கின்றனர், ஒரு நூலைக் கொடுத்து வாசிக்கச் சொல்லுகின்றனர். "ஐயா, அவர்களும் இயேசுவின் நாமத்தைத்தானே சொல்லுகிறார்கள்? அவர்கள் சபைக்குப் போனால் தவறா?" என்று கேட்டான்.

கள்ளப் போதகம் என்று ஒரே சொல்லில் நாம் விடையளித்திருக்கலாம். நம்மில் பலர் அவ்வாறே செய்கிறோம். ஆனால் அவன் அவ்விருவரையும் அவர்களுடைய வாழ்க்கையைக் கொண்டு அறிந்திருக்கிறான். நாமோ அவர்களை உபதேசத்தைக் கொண்டு மட்டும் அறிந்திருக்கிறோம். இவ்விரண்டும் சேராத வரையில் நம் விடை அவன் செவியில் ஏறாது. ஆகவே அவ்வூழியன் காலையில் எழுவது முதல் அவனைத் தொடர்ந்து சென்று பார்ப்பது நமக்குத் தேவையாகின்றது.

மார்மன் என்று நாம் வழங்கும் இவர்களுடைய முழுப்பெயர் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்பதாம். மார்மன் என்ற பட்டப்பெயரைத் தவிர்க்குமாறு அவர்களுடைய தலைவர் 2018-ஆம் ஆண்டில் கேட்டுக்கொண்டார். 1830-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் என்பவரால் இச்சபை நிறுவப்பட்டது. தமிழகத்துக்கு இவர்கள் புதியவர் என எண்ணுவோர் வியப்படையக்கூடும்: 1853-ஆம் ஆண்டிலேயே ரிச்சர்டு பாலண்டைன் என்பவர் இரு தோழருடன் சென்னைக்கு வந்திறங்கினார். இவர் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். பிரஸ்பிட்டேரியன் மரபில் வளர்ந்தவர். 1849-இல் சால்ட் லேக் நகரில் அச்சபையின் முதல் ஞாயிறு பள்ளியைத் தொடங்கியவர். பணப்பையும் இல்லாமல் வந்த அவர் சென்னையில் ஓர் இதழையும் அச்சிட்டு வெளியிட்டார். எனினும் பலன் மிகச் சொற்பமே. அவர் இந்தியாவுக்கு நியமிக்கப்பட்ட அதே 1852-ஆம் ஆண்டு மாநாட்டில்தான் பலதார மணக் கொள்கையை அச்சபை வெளிப்படையாக அறிவித்தது. அச்செய்தி அவருடைய ஊழியத்துக்குப் பெருந்தடையாயிற்று. (அக்கொள்கையை அவர்கள் 1890-இல் கைவிட்டனர், இன்று அதைச் சொல்லி அவ்வாலிபரை மடக்க முயல்வது நேர்மையன்று.) பின்னர் நெடுங்காலம் கழித்து, 1993-இல் பெங்களூர் அவர்களுடைய ஊழியத் தலைமையிடமாயிற்று. அங்கே ஓர் ஆலயம் கட்டுவதாக 2018-இல் அறிவித்து, 2020-இல் பணியைத் தொடங்கினர்.

இன்று உலகெங்கும் 70,000-க்கு மேற்பட்ட ஊழியர் இச்சபைக்கு உளர். பெரும்பாலோர் இருபதைச் சுற்றிய வயதினர். 2012-ஆம் ஆண்டு முதல் ஆண்கள் 18 வயதில் செல்லலாம்; பெண்களுக்கு 2025 வரையில் 19 வயது தேவைப்பட்டது. ஆணுக்கு இரண்டாண்டு, பெண்ணுக்குப் பதினெட்டு மாதம். செல்லும் நாட்டை அவன் தெரிந்துகொள்வதில்லை. உடன் ஊழியனையும் தெரிந்துகொள்வதில்லை. ஊதியம் கிடையாது. செலவை அவனோ, பெற்றோரோ, ஊர்ச்சபையோ தாங்கவேண்டும். அமெரிக்க வாலிபனுக்கு இது 2020 முதல் மாதம் 500 டாலர். இதற்கெனச் சிறுவயது முதலே காசு சேர்த்துவைக்கும் பிள்ளைகள் உண்டு.

காலை ஆறரைக்கு எழுவது வழக்கம். உடற்பயிற்சி, ஜெபம், தனிவாசிப்பு, தோழனோடு சேர்ந்து வாசிப்பு, அயல்மொழி பயில வேண்டியவனாயின் அதுவும். பின்பு மாலை கழியும்வரை வீடுகளைத் தேடி நடத்தல். இரவு பத்தரைக்குள் விளக்கணைக்க வேண்டும். தோழனுடைய பார்வைக்கும் செவிக்கும் எட்டாத தூரம் செல்லலாகாது. அத்தோழனோ மனத்துக்கு இசைந்தவனாயிருப்பான் என்பதற்கு உறுதியில்லை. ஆறு வாரத்துக்கொரு முறை இடமாற்றம் வரக்கூடும், வராமலும் போகலாம். நம் குருமார் இல்லங்களில் இருவர் ஓரறையில் ஒரு பருவம் ஒத்து வாழ்வதே எத்துணை அரிதென்பதை இறையியல் மாணவர் அறிவர்! திரைப்படமில்லை, காதலில்லை. வாரத்தில் ஒரு நாள் துணி துவைக்கவும் கடைக்குச் செல்லவும் வீட்டுக்குக் கடிதம் எழுதவும் விடப்படுகின்றது. 2019 வரையில் பெற்றோரின் குரலை ஆண்டுக்கு இருமுறை, கிறிஸ்துமஸிலும் அன்னையர் நாளிலும் மட்டுமே கேட்கலாயிருந்தது; இப்போது வாரந்தோறும் பேச இடமுண்டு. காலத்துக்கு முன் வீடு திரும்புகிறவனோ, பலவேளை, சொல்லொண்ணா வெட்கத்தைச் சுமக்கிறான்.

தேயிலையும் காப்பியும் அவர்களுக்கு விலக்கு. 1833-இல் பெறப்பட்டதாக அவர்கள் நம்பும் ஒரு கட்டளையே இதற்கு அடிப்படை. விருந்தினனுக்குக் காப்பி கொடாத வீடு நம் நாட்டில் உண்டோ? கொடுத்ததை மறுப்பது வீட்டாரை அவமதிப்பதாகும். ஆகவே ஒவ்வொரு வாசலிலும் அவ்விளைஞன் தன் விசுவாசத்தை முதன்முதலில் அறிக்கையிடுவது ஒரு தம்ளரை மறுப்பதினால்தான். நம் வாலிபனும் முதல் நாள் மனம் நொந்தானாம்; மறுவாரம் எலுமிச்சஞ்சாறு பிழிந்து வைத்தானாம்.

இத்தகைய நாளின் நடுவில் விளைவதே அவர்களுடைய விசுவாசம். மார்மன் நூல் மெய்யோ என்று கடவுளிடமே கேள், உன் உள்ளத்தில் பதில் வரும் என்பதே அவர்கள் எவரிடமும் வைக்கும் வேண்டுகோள். தான் பெற்றதாக நம்பும் பதிலை ஊழியன் நாளொன்றுக்குப் பலமுறை வாய்திறந்து சொல்லுகிறான். மாதத்தின் முதல் ஞாயிறன்று இருவேளை உபவாசமிருந்து, அவ்வுணவின் பணத்தை ஏழைகளுக்கு அளித்து, சபை நடுவே எழுந்து மீண்டும் அதையே சொல்லுகிறான். சொல்லச் சொல்ல உறுதி பிறக்கின்றது. ஆகையால் வசனத்துக்கு வசனம் எதிர்நிறுத்தி அவனோடு வாதாடுவோர் அவனை அசைக்கக் காண்பதில்லை. அவனுடைய அஸ்திபாரம் அங்கே இல்லை.

உள்ளத்தின் சாட்சியை நாம் இகழ முடியுமா? 1738-ஆம் ஆண்டு மே 24 அன்று இலண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் ஜான் உவெஸ்லி அடைந்த அனுபவத்தை நாம் ஆண்டுதோறும் நினைவுகூருகிறோம். பரிசுத்த ஆவியின் உட்சாட்சியைக் கால்வினும் போதித்தார். ஆயின் வேறுபாடு பெரிது. உவெஸ்லியின் உள்ளம் கிறிஸ்துவின்மேல் வைத்த நம்பிக்கையில் அனலடைந்தது. கால்வின் கூறிய சாட்சி திருமறைக்குரிய சாட்சி. புதியதொரு நூலையும் புதியதொரு அதிகாரத்தையும் நிலைநாட்ட உள்ளத்தின் அனலை முத்திரையாக்குவது வேறு. உணர்ச்சி திருமறையால் சோதிக்கப்பட வேண்டுமேயன்றி, உணர்ச்சியால் திருமறைக்கு ஈடான ஒன்று எழும்பலாகாது.

'மூப்பர்' என்னும் பட்டமும் கருதத்தக்கது. பத்தொன்பது வயது வாலிபனின் மார்பில் அது எழுதப்பட்டிருப்பதைக் கண்டு நம்மவர் நகைப்பர். புதிய ஏற்பாட்டில் அச்சொல் சபையை மேய்க்கும் முதிர்ந்தோரைக் குறிப்பதன்றோ! அவர்களுக்கோ அது குருத்துவத்தில் ஓர் உரிமை. அப்போஸ்தலர் காலத்துக்குப் பின் அவ்வுரிமை பூமியிலிருந்து எடுபட்டதென்றும், 1829-இல் ஜோசப் ஸ்மித்துக்கு அது மீண்டும் அளிக்கப்பட்டதென்றும் அவர்கள் போதிக்கின்றனர். இதிலிருந்து பிறக்கும் முடிவை அவர்கள் மறைப்பதில்லை: இடையிலிருந்த திருச்சபைகளின் குருப்பட்டம் செல்லாது, ஞானஸ்நானமும் செல்லாது. நம் வாலிபன் அவர்களோடு சேர விரும்பினால் மறுபடியும் தண்ணீரில் இறங்கவேண்டும். மேலும், பிதாவுக்கு மாம்சமும் எலும்புமான சரீரம் உண்டென்பதும், பிதா, குமாரன், ஆவியானவர் நோக்கத்தில் ஒன்றாயினும் தனித்தனி ஆள்கள் என்பதும் அவர்கள் உபதேசம். திரியேக நாமத்தை அவர்கள் உச்சரித்தாலும், நிசேயா அறிக்கையின் பொருளில் உச்சரிப்பதில்லை. இதுபற்றியே ரோமச் சபை 2001-ஆம் ஆண்டில் அவர்களுடைய ஞானஸ்நானத்தை ஏற்பதற்கில்லை என்று தீர்த்தது.

இவற்றையெல்லாம் நாம் அவ்வாலிபனுக்கு எடுத்துரைத்தோம். பிறந்த ஆண்டில் நாட்றாம்பாளையத்தில் பெற்ற ஞானஸ்நானம் வெறும் நீர் என்று அவர்கள் கருதுவதை அவன் அறிந்திருக்கவில்லை. நெடுநேரம் மௌனமாயிருந்தான். பின்பு, "ஐயா, நான் அந்த அறைக்குப் போய் ஏழு மாதம் ஆகிறது. காய்ச்சலாய்க் கிடந்தபோது கஞ்சி வாங்கி வந்தவர்கள் அவர்கள்தான். நம் சபையிலிருந்து ஒருவரும் வந்ததில்லை" என்றான். அவன் குறைகூறும் தொனியில் பேசவில்லை. நாம் அவனிடம் முகவரி கேட்டதே அன்றுதான்.

அதற்குப் பின் பெங்களூரிலுள்ள போதகர் ஒருவருக்கு அவனைக்குறித்து எழுதினோம். நம் ஊரிலிருந்து ஒசூரிலும் அப்பாலும் தங்கியிருப்போரின் பெயர்களைக் குறிக்கத் தொடங்கினோம். இதுவரை பதினான்கு பெயர்கள், அவற்றுள் ஐந்துக்கு முகவரி இல்லை. அவ்விரு ஊழியரைத் துரத்திவிடும்படி அவனுக்குச் சொல்லவில்லை. அவர்கள் வரும் வியாழனன்று நாமும் அவ்வறைக்கு வருவதாக இசைந்துள்ளோம். எலுமிச்சம்பழம் நாமே கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறோம்.