குறட்டையைக் கணக்கில் எடுங்கள்!

"படுத்த மாத்திரத்தில் குறட்டை வந்துவிடும்; மனுஷன் உழைப்பு அப்படி!" என்று நம் வீடுகளில் பெருமையாகச் சொல்வதுண்டு. காலை 6 மணிக்குக் கடை திறந்து, இரவு 10 மணிக்குக் கணக்கு முடித்து, 11 மணிக்குச் சாப்பிட்டுப் படுக்கும் மளிகை வியாபாரி அயர்ந்து தூங்குவதில் வியப்பில்லை. ஆனால் எல்லாக் குறட்டையும் நல்ல உறக்கத்தின் அடையாளம் அல்ல. ஓங்கி ஒலிக்கும் குறட்டை சட்டென்று நின்று, சில நொடிகள் அறையே அமைதியாகி, பிறகு திணறலுடன் ஓர் உறுமல் கேட்டு மறுபடி தொடங்குகிறது என்றால், கவனிக்க வேண்டியது அந்த அமைதியைத்தான். அந்த நேரத்தில் அவர் மூச்சே விடவில்லை!

மருத்துவர்கள் இதற்கு 'ஸ்லீப் அப்னியா' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். உறக்க மூச்சுத்தடை என்று நாம் சொல்லலாம்.

எண்ணெய் டின்னில் மெல்லிய குழாய் விட்டு வேகமாக உறிஞ்சினால், குழாயின் சுவர்கள் ஒட்டிக்கொண்டு எண்ணெய் வராமல் போகும். தொண்டையிலும் அதுதான் நடக்கிறது. உறங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்கின்றன, நாக்கு பின்னால் சரிகிறது, காற்றுப்பாதை அடைபடுகிறது. இரத்தத்தில் பிராணவாயு குறைகிறது. உடனே மூளை விழித்து, தசைகளை இறுக்கி, மூச்சை மீட்கிறது. உறங்குபவருக்கு இது தெரியாது. காலையில் நினைவும் இராது. 10 நொடியோ அதற்கு மேலோ மூச்சு நின்றால், அல்லது வெகுவாகக் குறைந்தால், ஒரு தடை என்று கணக்கு. மணிக்கு 5 முதல் 15 வரை லேசானது; 30 வரை நடுத்தரம்; அதற்கு மேல் கடுமையானது. மணிக்கு 30 என்றால் 6 மணி நேர உறக்கத்தில் 180 தடவை! இப்படித் தூங்கி எழுந்தவர் மறுநாள் கல்லாவில் கண்ணயர்ந்தால் அதைச் சோம்பேறித்தனம் என்பது நியாயமில்லை.

இதோடு நெருங்கிய தொடர்புள்ள ஒரு நோயை விவரித்து 1956-ல் அமெரிக்க மருத்துவர்கள் சிலர் கட்டுரை எழுதினார்கள். நோயாளி 51 வயது வர்த்தக நிர்வாகி. எடை சுமார் 118 கிலோ. சீட்டாட்டத்தில் மூன்று ஏஸும் இரண்டு ராஜாவும் கையில் வந்தும், பந்தயத்தை உயர்த்தாமல் அப்படியே தூங்கிவிட்டாராம்! பிறகுதான் மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. நம்மவர்களில் எத்தனை பேர் நல்ல கொள்முதலைப் பேசிக்கொண்டிருக்கும்போதே கண் சொருகிப் போகிறார்களோ! இத்தகையவர்களின் உறக்கத்தைக் கருவிகளால் பதிவு செய்து, இரவு முழுக்க மூச்சு நின்று நின்று வருவதை 1965-ல் பிரான்ஸிலும் ஜெர்மனியிலும் ஆராய்ச்சியாளர்கள் கண்டறிந்தார்கள்.

கடையில் தெரியும் அறிகுறிகள் பல. பில் கூட்டலில் பிழை, சில்லறை மாற்றிக் கொடுப்பது, பாக்கித் தேதியை மறப்பது, வாடிக்கையாளரிடம் காரணமின்றி எரிந்து விழுவது ஆகியவற்றுக்கு வயதைக் காரணம் சொல்லிவிடுகிறோம். காலையில் தலைவலியும் வறண்ட வாயுமாக எழுவது, இரவில் இரண்டு மூன்று முறை சிறுநீருக்கு எழுவது (இதைச் சர்க்கரை என்றே முடிவு கட்டிவிடுவார்கள்) ஆகியவையும் சேர்ந்தால் சந்தேகப்பட வேண்டும். இரண்டு மூன்று மாத்திரை போட்டும் இரத்த அழுத்தம் இறங்கவில்லை என்றால் உறக்கத்தைப் பற்றி மருத்துவரிடம் அவசியம் பேசுங்கள்.

சட்டைக் காலர் அளவும் ஒரு துப்பு தரும். ஆண்களுக்கு 17 அங்குலம், பெண்களுக்கு 16 அங்குலம் தாண்டினால் ஆபத்து அதிகம். ஆனால் ஒல்லியானவர் தப்பித்தார் என்று எண்ண வேண்டாம்; தாடை சிறுத்தவர்களுக்கும் டான்சில் பெருத்தவர்களுக்கும் வரும். பெண்களுக்கு மாதவிலக்கு நின்றபின் கூடுகிறது. அவர்கள் குறட்டையைவிட அசதி, தூக்கமின்மை என்றே சொல்வதால் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுகிறார்கள்.

கவனிக்காமல் விட்டால் இரத்த அழுத்தம் ஏறும். இதயத் துடிப்பு தாறுமாறாவது, பக்கவாதம், சர்க்கரை நோய் எல்லாம் இதோடு தொடர்புள்ளவை. இவை வர வருடங்கள் ஆகலாம். சாலை விபத்துக்கு ஒரு நொடி போதும். விருதுநகருக்கோ ஒட்டன்சத்திரத்துக்கோ சரக்கெடுக்க நள்ளிரவில் தாமே வண்டி ஓட்டிப் போகிறவர்கள், ஸ்டியரிங்கில் கண் அசந்த அனுபவம் ஒரு முறை இருந்தாலும், பரிசோதித்துக் கொள்ளும்வரை டிரைவர் வைத்துக்கொள்வது நல்லது. அந்தக் கூலியை நஷ்டம் என்று எழுதாதீர்கள்.

வீட்டிலேயே ஒரு கணக்குப் போடலாம். 1991-ல் ஆஸ்திரேலியாவில் மருத்துவர் முர்ரே ஜான்ஸ் வகுத்தது இது. படிக்கும்போது, டி.வி. பார்க்கும்போது, பொது இடத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது, ஒரு மணி நேரம் காரில் பயணியாகப் போகும்போது, மதியம் படுத்திருக்கும்போது, ஒருவரோடு உட்கார்ந்து பேசும்போது, மது அருந்தாமல் மதியச் சாப்பாட்டுக்குப் பின் அமைதியாக உட்கார்ந்திருக்கும்போது, காரில் போகையில் நெரிசலில் சில நிமிடம் நிற்கும்போது என எட்டு நேரங்களிலும் தூக்கம் வரும் வாய்ப்புக்கு 0 முதல் 3 வரை மதிப்பெண் போடுங்கள். மொத்தம் 10-ஐத் தாண்டினால் மருத்துவரைப் பாருங்கள். 10-க்குக் கீழே வந்தாலும், மூச்சு நிற்கிறது என்று மனைவி சொன்னால் அவர் சாட்சியே பெரிது. செல்போனில் குறட்டையைப் பதிவு செய்து கொண்டுபோனால் மருத்துவருக்கு உதவும். நுரையீரல் மருத்துவரோ, காது மூக்கு தொண்டை மருத்துவரோ ஓர் இரவு உறக்கப் பரிசோதனை செய்யச் சொல்வார். இப்போது வீட்டிலேயே செய்யும் கருவிகளும் வந்துவிட்டன.

சிகிச்சையில் முதலிடம் 'சிபாப்' கருவிக்கு. ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் 1981-ல் அறிமுகப்படுத்தினார். மூக்கில் மாட்டும் மாஸ்க் வழியே காற்றை இலேசான அழுத்தத்தில் செலுத்தித் தொண்டை மூடாமல் காக்கிறது. முதல் சில இரவுகள் தொந்தரவாகத்தான் இருக்கும். மாஸ்க் பொருந்தவில்லை என்றால் வேறு அளவு கேளுங்கள்; கருவியை வாங்கிப் பரணில் போடாதீர்கள்.

எடையில் பத்தில் ஒரு பங்கு குறைத்தால் தடைகள் ஏறக்குறைய கால்பங்கு குறைவதாக ஆய்வு காட்டுகிறது. பலருக்கு ஒருக்களித்துப் படுப்பதே ஓரளவு பயன் தரும். இரவில் மது கூடாது. கேட்டு வாங்கிப் போடும் தூக்க மாத்திரை தசைகளை இன்னும் தளர்த்தி மூச்சடைப்பைக் கூட்டலாம்.

வேறு எதற்காவது அறுவை சிகிச்சை செய்ய நேர்ந்தால், உங்களுக்கு இந்தக் கோளாறு இருப்பதை மயக்க மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சிபாப் வைத்திருப்பவர்கள் அதையும் கையோடு மருத்துவமனைக்கு எடுத்துச் செல்ல வேண்டும்.