காப்பிக் கடையும் குடிக்கூலியும்

ஹிஜ்ரி 917 (கி.பி. 1511). மக்காவின் சந்தைக் கண்காணிப்பு அதிகாரியாயிருந்த காயிர் பேக் ஓர் இரவில் புனிதப் பள்ளியின் அருகே சிலர் கூடியமர்ந்து கஹ்வா அருந்துவதைக் கண்டார். அறிஞர்களை அழைத்து அவை கூட்டினார், மருத்துவர் இருவரின் சாட்சியத்தையும் பெற்றார், காப்பி விலக்கப்பட்டது. தெருக்களில் காப்பிக்கொட்டை கொளுத்தப்பட்டது. ஆனால் கெய்ரோவிலிருந்து சுல்தான் கான்ஸூஹ் அல்கூரி அனுப்பிய ஆணையோ ஒழுங்கீனமான கூட்டங்களை மட்டுமே கண்டித்தது, பானத்தை விலக்கவில்லை. அடுத்த ஆண்டில் காயிர் பேக் பதவியிலிருந்தே மாற்றப்பட்டார். இவ்விவரங்களை அப்துல் காதிர் அல்ஜஸீரி, காப்பி ஆகுமானதே என நிறுவும் ‘உம்தத்துஸ் ஸஃப்வா’ என்னும் தம் நூலில் பதிந்து வைத்திருக்கிறார்.

‘கஹ்வா’ என்பது பண்டை அரபியில் மதுவுக்கு வழங்கிய பெயர்களுள் ஒன்று. பிற்காலத்தார் அச்சொல்லைக் காப்பிக்குச் சூட்டினர். பெயரால் வந்த ஐயமும் வழக்கை வளர்த்திருக்கக்கூடும் என்பது என் எண்ணம். இன்று அரபியில் காப்பிக் கடைக்கு ‘மக்ஹா’ என்று பெயர்.

அன்று கடையை மூட முனைந்தது அதிகாரம். நம் காலத்தில் அவ்வேலையை ஆரவாரமின்றிச் செய்து முடிப்பது நிலத்தின் விலை. இதற்கு இந்தியன் காப்பி ஹவுஸின் வரலாற்றைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு நம் நாட்டில் இல்லை.

பாபா புதன் என்னும் இறைநேசர் அரபகத்திலிருந்து ஏழு கொட்டைகளைக் கொண்டுவந்து சிக்மகளூர் மலையில் விதைத்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. மலை இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. பின்னர் தோட்டங்கள் பெருகின. விளைந்ததை உள்நாட்டில் விற்க வழி தேடப்பட்டது. அதன்பொருட்டு 1936இல் பம்பாயில் முதல் ‘இந்தியா காப்பி ஹவுஸ்’ திறக்கப்பட்டது. காப்பி வாரியத்தின் பொறுப்பில் அவை பல நகரங்களுக்கும் பரவின. 1950களின் நடுவில் வாரியம் தன் கொள்கையை மாற்றிக்கொண்டு கடைகளை மூடத் தொடங்கியது. பரிமாறுவோரும் சமையற்காரர்களும் தெருவில் நின்றனர்.

அப்போது மக்களவை உறுப்பினராயிருந்த ஏ.கே. கோபாலன் அவர்களுக்குக் காட்டிய வழி எளிமையானது: ‘கடையை நீங்களே எடுத்து நடத்துங்கள்.’ (1950ஆம் ஆண்டின் தடுப்புக்காவல் வழக்கால் சட்ட மாணாக்கர் அறிந்த அதே கோபாலன்தான்.) 1957 ஆகஸ்டில் பெங்களூரில் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது, அக்டோபரில் புதுதில்லியில் அவர்களின் முதற்கடை திறந்தது. ‘இந்தியா’ என்ற பெயர் ‘இந்தியன்’ ஆயிற்று. 1958இல் திருச்சூரில் கேரளத்தின் முதற்கடை வந்தது. பீட்ரூட் கலந்த கட்லெட்டும், விசிறி மடிப்புத் தலைப்பாகையும் அங்கே நிலைத்துவிட்டன. திருவனந்தபுரம் தம்பானூரில் லாரி பேக்கர் கட்டிய சுருள்வட்டக் கட்டடத்தைக் காணாதார் ஒருமுறையேனும் காண வேண்டும். அதில் படியேறுவதற்குப் படியே இல்லை, தளமே சரிந்து மேலே செல்கிறது.

உழைப்பையே முதலாக வைத்துச் சேரும் கூட்டை ஃபிக்ஹில் ‘ஷிர்கத்துல் அப்தான்’ என்பர். ஹனஃபி அறிஞர் அதை ஏற்பர். ஷாஃபிஈ அறிஞர் ஏற்பதில்லை. பங்குத்தொகை செலுத்தி உறுப்பினராகும் கூட்டுறவுச் சங்கம் அப்படியே அதற்குள் அடங்காது. ஆயினும் மேசை துடைப்பவரும் உரிமையாளருள் ஒருவர் என்னும் கருத்து நம் நூல்களுக்கு அந்நியமன்று என்பதைக் குறிப்பிட்டுச் செல்கிறேன்.

கல்கத்தா கல்லூரித் தெருவின் கதை சற்று வேறு. ஆல்பர்ட் மண்டபத்தில் 1942 முதல் நடந்துவந்த கடை 1958இல் மூடப்படும் நிலைக்கு வந்தது. பிரசிடென்சி கல்லூரி, கல்கத்தாப் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் அரசுக்கு விண்ணப்பம் எழுதினர். அவ்வாண்டிலேயே கடை மீண்டும் திறந்தது. வாடிக்கையாளரின் பேனா ஒரு கடையைக் காத்த அரிய நிகழ்ச்சி அது. தொடர்ந்து நிலைநின்றதோ தொழிலாளரின் கூட்டுறவால்தான்.

ஆனால் உழைப்பு தமதாயினும் கூரை பிறருடையதாயின் என்ன ஆகும்? தில்லி கன்னாட் பிளேசிலிருந்த கடை நெருக்கடி நிலைக் காலத்தில், 1976இல் இடிக்கப்பட்டது; அது மோகன் சிங் பிளேஸ் மாடிக்குக் குடிபெயர்ந்தது. பெங்களூர் மகாத்மா காந்தி சாலையில் ஏறத்தாழ ஐம்பது ஆண்டு நடந்த கடை, 2009 ஏப்ரலில் கட்டடத்தை உரிமையாளரிடம் ஒப்படைத்துவிட்டுச் சர்ச் தெருவுக்குப் போனது. கடைசி நாளில் பழைய வாடிக்கையாளர் திரண்டு வந்து காப்பி அருந்தினர். அன்பிற்கு அங்கே குறைவில்லை. குடிக்கூலி ஒப்பந்தத்திற்குத்தான் உயிரில்லை. சங்கம் இருந்ததால் வேறிடம் தேட முடிந்தது. தனியொருவர் நடத்தும் கடையாயின் அன்றோடு முடிந்திருக்கும்.

இக்கட்டுரையை எழுதத் தூண்டிய செய்திக்கு வருகிறேன். எங்கள் ஊர்ப் பள்ளிவாசலுக்குச் சொந்தமான கடைவரிசையில், சுப்ஹு தொழுகைக்கு முன்பே அடுப்பு மூட்டும் சிற்றுண்டிக் கடை ஒன்றுண்டு. மாணவப் பருவத்தில் கடன்சொல்லித் தேநீர் அருந்திய இடம். வரிசையை இடித்து மூன்று மாடி வணிக வளாகம் எழுப்பும் வரைபடம் நிர்வாகக் குழுவின் முன் இருக்கிறது. மார்க்கச் சட்டம் என்ன சொல்கிறது என்று இருதரப்பாரும் என்னிடம் கேட்டனர்.

முதலில் கடைக்காரருக்குக் கசப்பானதைச் சொல்லிவிட வேண்டும். வக்ஃபுச் சொத்தை ‘உஜ்ரத்துல் மிஸ்ல்’ எனப்படும் நியாயமான சந்தைக் கூலிக்குப் பெருமளவு குறைத்து விட முத்தவல்லிக்கு அதிகாரமில்லை. பழகிய முகம் என்பதோ ஊரார்க்குப் பிரியமான கடை என்பதோ காரணமாகாது. அது ஏழைகளின் பங்கில் கைவைப்பதாகும். மேலும், வக்ஃபுக் கடைகளை ஓராண்டுக்கு மேற்பட்ட தவணைக்கு விடலாகாது என்பதே பிற்கால ஹனஃபி அறிஞரின் தீர்ப்பு. நீண்ட குத்தகையில் சொத்தே கைமாறிவிடும் என்ற அச்சம் அதற்குக் காரணம்.

இனி நிர்வாகத்தாருக்குரியது. பழைய கெய்ரோவில் ‘குலுவ்’ என்றோர் உரிமை வழங்கியது. வக்ஃபுக் கடை பழுதுபட்டு, அதைச் செப்பனிட வக்ஃபிடம் பொருளில்லாத நிலையில், குடியிருப்பவர் தம் பணத்தைப் போட்டு அதைப் புதுக்கினால், அக்கடையில் அவருக்கு நிலையான உரிமை ஏற்படும். உரிய கூலியைச் செலுத்திவரும் வரை அவரை வெளியேற்ற இயலாது. மாலிகி அறிஞர் நாஸிருத்தீன் அல்லகானி (மறைவு ஹிஜ்ரி 958) இதனைச் செல்லுமெனத் தீர்ப்பளித்தார். ஹனஃபிகளில் இப்னு நுஜைம் ‘அல் அஷ்பாஹ் வன் நளாயிர்’ நூலில் இதை எடுத்துப் பேசுகிறார். பின்வந்த ஹனஃபிகள் சிலர் கடுமையாக மறுத்தனர். இப்னு நுஜைம் காட்டும் சான்று சுவையானது. கெய்ரோவின் கூரிய்யா வட்டாரத்தில் சுல்தான் ஒருவர் கட்டிய கடைகளில், வணிகரிடம் ஒரு தொகை பெற்றுக் குலுவ் உரிமையோடு குடியமர்த்தி, அதனை வக்ஃபுப் பத்திரத்திலேயே எழுதிவைத்தாராம். அந்தச் சுல்தான் வேறு யாருமல்லர். மக்காவின் காப்பி வழக்கில் தலையிட்ட அதே அல்கூரிதான்.

ஆக, எங்கள் ஊர்க் கேள்வி ஒரு சிறு உண்மையில் வந்து நிற்கிறது: ஓட்டுக் கூரை சரிந்தபோது அதை மாற்றிப் போட்டவர் யார்? தம் தந்தையார் என்கிறார் கடைக்காரர். பள்ளியின் பழைய கணக்கேடுகளில் அச்செலவு காணப்படவில்லை. அது அவருக்குச் சாதகமான குறிப்புதான், சான்றன்று. கூடுதல் கூலி தர அவர் இசைந்திருக்கிறார். புதிய வளாகத்தின் தரைத்தளத்தில் அதே மூலையை அவருக்கு ஒதுக்கலாம் என்பதையும் குழுவின் முன் வைத்திருக்கிறேன். அடுத்த கூட்டம் ரஜப் மாதத்தில். அதற்குள் ஓடு வாங்கிய பற்றுச்சீட்டு கிடைத்துவிடும் என்று பரண்மேல் இருக்கும் தகரப் பெட்டிகளைக் கிளறிக்கொண்டிருக்கிறார் கடைக்காரர்.