பொருள்வயிற் பிரிவு: அன்றும் இன்றும்

பொருள் தேடுதற்பொருட்டுத் தலைவன் தலைவியைப் பிரிந்து செல்லுதலைப் பொருள்வயிற் பிரிவு என்பர் அகப்பொருள் நூலோர். ஏறத்தாழ முப்பதாண்டுகளாக மாணாக்கர்க்கு இத்துறையைப் பாடஞ் சொல்லி வருகின்றேன். 2022 ஆம் ஆண்டுக்கு முன்பு அஃது எனக்கு எளிய பாடமாகவே இருந்தது.

அவ்வாண்டு ஐப்பசித் திங்களில் ஒருநாள், கார்காலத் தொடக்கத்தில் மீள்வேன் என்று தலைவன் உறுதி கூறிச் செல்லும் திறத்தை வகுப்பில் விளக்கிக்கொண்டிருந்தேன். வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. வழக்கமாக வாய் திறவாத மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, மழை வந்தும் அவர் வராவிட்டால் தலைவி என்ன செய்வா?" என்று வினவினான். பருவம் அன்று என்று தோழி வற்புறுத்தல் என்பது அதற்குரிய துறை. "இது காரன்று, காலந் தவறிப் பெய்த மழை, கொன்றை அறியாமையாற் பூத்துவிட்டது என்று தோழி தேற்றுவாள்" என்றேன். "அப்படியெண்டால் தோழி பொய்யல்லோ சொல்லுறா?" என்று கேட்டான் அவன். வகுப்புச் சிரித்தது, அவன் சிரிக்கவில்லை.

பின்னர் விசாரித்தபோது, அவனுடைய தாயார் இரண்டு மாதங்களுக்கு முன்பு வீட்டுப் பணிப்பெண்ணாகக் குவைத்துக்குச் சென்றுவிட்டார் என்பதும், அவனும் தங்கையும் அம்மம்மாவோடு இருக்கின்றனர் என்பதும் தெரியவந்தன. அன்று தொடங்கி இத்துறையை நான் வேறு கண்ணாற் படிக்கலானேன். அதனால் எழுந்த சில எண்ணங்களை வாசகர்முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நூலோர் கண்ட பிரிவு

சங்கச் சான்றோர் பொருளை வெறுத்தவர் அல்லர். இல்லோர்க்கு ஈதலும் சுற்றந் தாங்கலும் விருந்து புறந்தருதலும் பொருளின்றி இயலா என்பதை அவர்கள் நன்குணர்ந்திருந்தனர். பிற்கால ஔவையாரும் கடல் கடந்தேனும் பொருள் ஈட்டுக என்றே கூறினார். ஆயினும் பிரிவைப் பாடும் பழம் பாட்டுக்களை ஒருங்குவைத்து நோக்கின் மூன்று வரையறைகள் புலப்படுகின்றன.

முதலாவது, செல்வோன் தன் விருப்பாற் செல்கின்றான். வேண்டுமாயின் செல்லாது நிற்கவும் அவனால் இயலும். பட்டினப்பாலைத் தலைவன், காவிரிப்பூம்பட்டினமே கிடைப்பதாயினும் தலைவியைப் பிரிந்து வாரேன் என்று தன் நெஞ்சுக்குக் கூறி நின்றுவிடுகின்றான். இரண்டாவது, மீளும் பருவம் குறிக்கப்படுகின்றது. பாலையின் துயரத்துக்கு முல்லையின் காத்திருப்பு எல்லையாகின்றது. மூன்றாவது, மீண்டு வருதற்கு ஒரு மனை நிலைபெற்றிருக்கின்றது. அதனைக் காத்து ஒருத்தி இருக்கின்றாள்.

விருப்பு, பருவம், மனை என்னும் இம்மூன்றும் உள்ளவரை பிரிவு இல்வாழ்க்கையின் ஒரு கூறேயாகும். இவை மூன்றும் கெடுமாயின் அதனைப் பிரிவு என்னும் பழம் பெயராற் சுட்டுதல் தகுமா என்பதே இன்று நம்முன் நிற்கும் வினா.

மலாயாவும் மணியோடரும்

சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் தொல்காப்பியப் பொருளதிகாரத்தை நச்சினார்க்கினியர் உரையோடு அச்சேற்றிய ஆண்டு 1885. அதே ஆண்டில் மலாயாவில் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் வரை முதற் புகைவண்டிப் பாதை திறக்கப்பட்டது. பிரிவிலக்கணம் அச்சில் வந்த ஆண்டிலேயே யாழ்ப்பாணத்தவரின் பெரும் பிரிவு ஒன்றுக்கு வழியும் திறந்தது எனலாம். மிஷன் பாடசாலைகளில் ஆங்கிலம் கற்ற இளைஞர் பலர் அதன்பின் எழுதுவினைஞராகவும் நிலைய அதிபராகவும் நில அளவைத் துறையினராகவும் அங்குச் சென்றனர்.

அவர்கள் அனுப்பிய மணியோடர்களால் நாட்டில் கல்வீடுகள் எழுந்தன, கோயில்கள் திருப்பணி கண்டன, பாடசாலைகள் வளர்ந்தன. 'மலாயன் பென்ஷனியர்' என்பார் ஊர்தோறும் காணப்பட்ட ஒரு மதிப்புக்குரிய மனிதர். குடையும் கைத்தடியுமாக மாலையில் வாசிகசாலைக்கு வரும் அப்பெரியவர், பொருள்வயிற் பிரிந்து பருவம் முடிந்து மீண்ட தலைவனே யாவர். மீளாதாரும் இருந்தனர். அங்கேயே குடிகொண்டாரும், ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் உயிரிழந்தாரும் உளர். ஆயினும் அப்பிரிவுக்கு விடுமுறை இருந்தது, ஓய்வூதியம் இருந்தது, மீளும் பருவம் ஒன்று இருந்தது.

ஒரே சிக்கனம், இருவேறு விளைவு

நாட்டில் பஞ்சம் புதியதன்று. 1953 இல் கூப்பன் அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது ஹர்த்தால் மூண்டதை முதியோர் அறிவர். 1970 ஆம் ஆண்டுக்குப் பின்வந்த சிக்கன காலத்தில் ஓரளவுக்கு மேல் அரிசியை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு அனுமதியின்றிக் கொண்டு செல்லுதல் குற்றமாயிற்று. பாணுக்கு விடியற்காலையிலேயே வரிசை நின்றனர். மரவள்ளிக் கிழங்கு பலரது உணவாயிற்று.

அக்காலத்தில் மிளகாய், வெங்காயம் முதலியவற்றின் இறக்குமதி தடைப்பட்டமையால் யாழ்ப்பாணத்துக் கமக்காரர் முன் எக்காலத்தும் காணாத செல்வங் கண்டனர். செம்மண் தோட்டங்கள் பொன் விளைந்தன. ஆனால் அதே ஆண்டுகளில் மலையகத்துத் தோட்டங்களில் நிகழ்ந்தது யாது? பங்கீட்டு உணவு குறைக்கப்பட்டது. வேலை நாள்கள் குறைந்தன. 1973, 1974 ஆம் ஆண்டுகளில் பசியால் மாண்டோர் பலர். பிழைத்தோருட் பலர் வவுனியாவையும் கிளிநொச்சியையும் நோக்கி மூட்டையோடு வந்தனர். பஞ்சத்துக்கு அஞ்சித் தமிழ்நாட்டிலிருந்து கடல் கடந்து இத்தீவின் கோப்பிக்கும் தேயிலைக்கும் உழைக்க வந்த முன்னோரின் வழியினர், மீண்டும் பஞ்சத்துக்கு அஞ்சியே காடு வெட்ட வந்தனர். அவர்களிற் பலரை நாம் கூலிகளாகவே நடத்தினோம் என்பதை ஈண்டு ஒளிக்காது கூறுதல் வேண்டும். சிக்கனம் என்பது அனைவர்க்கும் ஒன்றெனச் சொல்லப்படினும் அதன் பாரம் அனைவர் தோளிலும் ஒரேயளவில் விழுவதில்லை.

2022 ஆம் ஆண்டு

2019 இன் இறுதியில் வரிகள் குறைக்கப்பட்டன. பெறுமதி சேர் வரி நூற்றுக்கு 15 இலிருந்து 8 ஆயிற்று. 2020 இல் வந்த கொள்ளை நோயாற் சுற்றுலா வருவாய் நின்றது. 2021 இல் இரசாயன உர இறக்குமதி தடுக்கப்பட, வயல்களின் விளைவு பெரிதுங் குன்றியது. இவற்றின் மேலதாக, ஏறத்தாழ 5,100 கோடி டொலர் வெளிநாட்டுக் கடன் நின்றது. 2022 ஏப்பிரல் 12 இல் அக்கடனைச் செலுத்துதலை நிறுத்துவதாக அரசு அறிவித்தது.

இவ்வெண்கள் அடுக்களையில் எவ்வாறு தோன்றின என்பதை நாம் அறிவோம். அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டியின்படி உணவின் விலை ஓராண்டில் நூற்றுக்கு ஏறத்தாழ 95 ஏறியிருந்தது. முன்னைய ஆண்டில் 100 ரூபாவுக்கு வாங்கியது 195 ரூபாவாயிற்று. ஓகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தது. மீனவர் படகைக் கரையேற்றினர்; தோட்டக்காரர் நீரிறைக்கும் இயந்திரத்தை நிறுத்தினர். தாள் இன்மையால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகள் பிற்போடப்பட்டன. நாளிதழ்களுட் சில சனிக்கிழமைப் பதிப்பை நிறுத்தின. உலக வங்கியின் கணிப்பில், 2019 இல் நூற்றுவரில் 11 பேராக இருந்த வறியோர் தொகை 2022 இல் 25 பேராயிற்று.

மக்கள் புறப்பட்டனர். அவ்வாண்டில் வெளிநாட்டு வேலைக்கெனப் பதிந்து சென்றோர் மட்டும் 3 இலட்சத்துக்கும் மேற்பட்டோர். கடவுச்சீட்டு அலுவலகத்தின் முன் மக்கள் இரவிரவாகக் காத்துக் கிடந்தனர். மார்ச்சு 22 முதல் மன்னார்க் கடலைப் படகிற் கடந்து தனுஷ்கோடி மணற்றிட்டுக்களில் குழந்தைகளோடு இறங்கிய குடும்பங்களும் உள. நவம்பரில், மூழ்கும் நிலையிலிருந்த ஒரு கப்பலிலிருந்து 303 இலங்கையர் மீட்கப்பட்டு வியட்நாம் நாட்டிற் கரைசேர்க்கப்பட்டனர்.

அரசாங்க ஊழியர் ஐந்தாண்டு வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு செல்லலாம் என்று 2022 யூனில் சுற்றறிக்கை வந்தது. என்னோடு இருபதாண்டு கற்பித்த நண்பரொருவர் அவ்விடுமுறையிற் சென்று, அயல்நாடொன்றின் களஞ்சியசாலையிற் பெட்டி அடுக்குகின்றார். தொல்காப்பியம் முழுமையும் மனனமாக உள்ளவர் அவர். தலைவன் செலவிடைத் தயங்குதல் செல்லாமையன்று, தலைவியைத் தேற்றுதற்பொருட்டே என்று தொல்காப்பியர் கூறியதை, விடைபெறும் நாளில் அவரே எனக்கு நினைவூட்டினார். இருவருக்கும் அதற்குமேற் பேச்சு எழவில்லை.

மகளிர் கடல் கடத்தல்

கடல்வழிச் செலவு மகளிரோடு இல்லை என்பது தொல்காப்பிய விதி. இளம்பூரணர் கொண்ட பொருள் இது. நச்சினார்க்கினியர் வேறு கொள்வர். எவ்வாறாயினும், மகளிர் தனித்துக் கடல் கடந்து பொருள் தேட, ஆடவர் மனையிலிருந்து காத்திருக்கும் ஒரு காலத்தை இருவரும் எண்ணியிலர். 1985 இல் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் நிறுவப்பட்ட பின், பல ஆண்டுகளில் இந்நாட்டிலிருந்து அரபு நாடுகளுக்குச் சென்றோருட் பெரும்பாலார் மகளிரே. தம் மக்களை விட்டுப் பிறர் மக்களைத் தாலாட்டச் சென்ற தாய்மார் இவர்கள்.

மூதூரின் ஏழைப் பெண்ணொருத்தி, வயதைக் கூட்டி எழுதிய கடவுச்சீட்டோடு 2005 இல் சவூதிக்குச் சென்று, அங்கு ஒரு குழந்தையின் மரணத்துக்காகக் குற்றஞ் சாட்டப்பட்டு 2013 சனவரியிற் கொல்லப்பட்டாள். அதன்பின் அந்நாட்டுக்குப் பணிப்பெண்ணாகச் செல்வோரின் வயதெல்லை 25 ஆக உயர்த்தப்பட்டது. 2022 இல் டொலர் இல்லையென்றபோது அவ்வெல்லை 21 ஆகக் குறைக்கப்பட்டது. பெண்பிள்ளைகளைக் காத்தற்கென இட்ட வேலியை நாட்டின் கடனுக்காகப் பிடுங்கினோம். இதனினும் வெளிப்படையாக நமது வறுமையை எடுத்துக்காட்டுவது வேறொன்றில்லை.

நாட்டின் கணக்கும் வீட்டின் கணக்கும்

வெளிநாடுகளில் உழைப்போர் வங்கி வழியாக அனுப்பிய பணம் 2021 இல் ஏறத்தாழ 549 கோடி டொலர். 2022 இல் அது 379 கோடியாகச் சுருங்கியது. சென்றோர் பெருகியும் பணம் குறைந்தது விந்தையன்று. வங்கி தந்த விலைக்கும் வெளியிற் கிடைத்த விலைக்கும் இடையே இருந்த பெருவேறுபாட்டினால் அவர்கள் உண்டியல் வழியை நாடினர். விலை சீர்ப்பட்ட பின் 2024 இல் அது 657 கோடியாக உயர்ந்தது. அவ்வாண்டில் தேயிலை ஈட்டியது ஏறத்தாழ 143 கோடியே. தேயிலைத் தீவென உலகறிந்த இந்நாட்டைத் தாங்குவது, நாட்டில் இல்லாதாரின் உழைப்பே என்பது இதனாற் பெறப்படும்.

இங்கேதான் என் ஐயம் எழுகின்றது. பழம்பாட்டில், தலைவன் மீள்வதே மனையின் நன்மை. இன்றோ, சென்றவர் மீளாதிருந்து அனுப்பிக்கொண்டே இருத்தல் நாட்டின் கணக்குக்கு நன்மையாகின்றது. வீட்டின் கணக்கு வேறு. தரகுக்கு வாங்கிய கடனும் அடைவு வைத்த நகையின் வட்டியும் முதலாண்டின் சம்பளத்தை விழுங்குகின்றன. இரண்டாம் ஆண்டில் கூரை திருத்தப்படுகின்றது. மூன்றாம் ஆண்டுக்கு ஒப்பந்தம் நீளுகின்றது. விருப்பு முன்னரே சென்றது, பருவமும் தள்ளிப்போகின்றது, மனையில் ஓர் அம்மம்மாவும் இரண்டு பிள்ளைகளும் ஒரு கைத்தொலைபேசியும் இருக்கின்றன.

சென்றோரைப் பழித்தல் எவ்வாற்றானும் தகாது. பிறந்த நாட்டை மறந்தவர் என்று மேடையிற் பேசுவோர், வெறும் அடுப்பின் முன் ஒருநாள் இருந்து பார்த்தல் நலம். நம் கடன் வேறு. அனுப்பிய பணத்துக்கு நன்றி கூறி விழா எடுப்பதோடு அரசு அமையாது, உழைத்து ஓய்ந்து மீள்வோர்க்கு அந்நாள் மலாயாவிலிருந்து மீண்டார்க்கு இருந்ததுபோல் ஓர் ஓய்வூதியத்துக்கு வழிசெய்தல் வேண்டும். தாய் சென்ற வீட்டுப் பிள்ளைகளை அயலவரும் ஆசிரியரும் தம் பிள்ளைகளாகக் கருதுதல் வேண்டும். ஊரில் ஒரு தொழில் உண்டாக்கத்தக்க செல்வர், மண்டபத்துக்கு மேல் மண்டபம் எழுப்புதலை விட்டு அத்தொழிலை உண்டாக்குதல் வேண்டும்.

அம்மாணவனின் தாயார் 2024 இல் வரவேண்டியவர். கடன் எஞ்சியிருந்தமையால் ஒப்பந்தம் மேலும் ஈராண்டு நீண்டது. அச்செய்தியை அவனே வந்து எனக்குச் சொன்னான். தேற்றுதற்கு ஏதோ கூற முற்பட்டேன். "பருவம் அன்று, அப்படித்தானே ஐயா?" என்றான் அவன்.

தோழி கூறியது பொய்யே. எனினும் தலைவன் வந்துவிடுவான் என்று நம்பியே அவள் அப்பொய்யைக் கூறினாள்; பாட்டில் அவனும் வந்துவிடுகின்றான். நாமும் ஆண்டுதோறும் அப்பிள்ளைகளுக்கு அதையே கூறிவருகின்றோம். நாம் கூறுவது பொய்யாகாதவாறு, அவர்கள் மீண்டு வந்து வாழத்தக்க ஒரு நாட்டை ஆக்குதல் இங்கிருப்போரின் கடனாகும்.