காற்றை அளந்துவிடும் கமிட்டி

விருதுநகர்ப் பக்கத்துக் கிராமங்களில் கோயில் திருவிழாவோடு மாட்டுவண்டி எல்கைப் பந்தயமும் சேர்ந்து வருவதுண்டு. பெரிய மாடு, நடு மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று வண்டிகளைப் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் போக வர இத்தனை மைல் என்று விழாக் கமிட்டி வகுத்துவிடும். கொடி அசைந்ததும் நம் கண் மாட்டின் மேலும் சாரதியின் மேலும்தான் நிற்கும். எந்த மாடு எந்தப் பிரிவில் ஓடலாம் என்று முன்பே முடிவு செய்தவர்களை யாரும் பார்ப்பதில்லை. அந்த முடிவு பிசகினால் பந்தயமே இல்லை.

கார் பந்தயத்திலும் எனக்கு மிகவும் பிடித்தவர்கள் இந்தக் கமிட்டிக்காரர்கள்தான். அமெரிக்காவில் ‘ஸ்டாக் கார்’ பந்தயம் உண்டு. கடையில் விற்கும் கார், தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே ஓடவேண்டும் என்பது அதன் ஆதி விதி. 1940களில் ஊருக்கு ஒரு சட்டம், ஊருக்கு ஒரு சாம்பியன். டிக்கெட் காசோடு பந்தயம் நடத்தியவரே காணாமல்போவதும் நடந்தது. மெக்கானிக்கும் பந்தய ஓட்டுநருமான பில் பிரான்ஸ், 1947 டிசம்பரில் டேடோனா பீச்சின் ஸ்ட்ரீம்லைன் ஓட்டலில் பந்தயக்காரர்களைக் கூட்டி உட்காரவைத்தார். அந்தப் பேச்சிலிருந்து உருவான அமைப்பே நாஸ்கார்.

1949 ஜூன் 19, சார்லட் நகரம், மண் தடத்தில் நாஸ்கார் பந்தயம். முதலில் வந்தவர் கிளென் டனவே. சோதனைக்காரர்கள் காரின் பின்பக்க ஸ்பிரிங்கைப் பார்த்ததும் நின்றுவிட்டார்கள். கள்ளச்சாராயம் கடத்திய கார் அது. பாரம் ஏற்றினாலும் பின்புறம் தாழாதபடி ஸ்பிரிங்கை விறைப்பாக்கியிருந்தார்கள். சரக்கில்லாத காரில் அதே விறைப்பு வேறொரு வேலை செய்யும்: வளைவில் கார் அதிகம் சாயாது, வேகத்தை இழக்காமல் திரும்பும். அந்த ஒரு திருத்தத்துக்காக வெற்றி பறிபோய், ஜிம் ரோப்பருக்குக் கிடைத்தது. காரின் சொந்தக்காரர் வழக்குப் போட்டார். நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. விதிக்குப் பல் முளைத்தது அப்போதுதான்.

அடுத்த சிக்கல் வேகம். 1987இல் டல்லடேகா தடத்தில் பில் எலியட்டின் கார் மணிக்கு 342 கிலோமீட்டரைத் தொட்டது. அதே பந்தயத்தில் பாபி ஆலிசனின் கார் டயர் கிழிந்து, காற்றில் எழும்பி, பார்வையாளர் வேலியைப் பிய்த்தது. பில் பிரான்ஸின் மகன் தலைமையில் இருந்த நாஸ்கார், மறு வருடமே ஒரு மெல்லிய தகட்டைக் கொண்டுவந்தது. என்ஜினுக்குக் காற்று போகும் வழியில் வைக்கும் நான்கு துளைத் தகடு. கட்டுப்பாட்டுத் தகடு என்று சொல்லலாம்.

காற்றை மறித்தால் கார் ஏன் தளரவேண்டும்? சிவகாசிக்காரர்களுக்கு இது எளிதில் புரியும். பட்டாசு மருந்தில் இருக்கும் வெடியுப்பு, எரிவதற்கான ஆக்சிஜனைத் தனக்குள்ளேயே வைத்திருக்கிறது. அதனால்தான் காகிதச் சுருளுக்குள் இறுக அடைத்தாலும் மருந்து எரிகிறது. பெட்ரோலுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. வெளிக்காற்றை நம்பித்தான் அது எரியவேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோல் முழுதாக எரிய ஏறக்குறைய 9,000 லிட்டர் காற்று வேண்டும். பத்தடிக்குப் பத்தடி அறையில் உள்ள காற்று முழுவதும் மூன்று லிட்டருக்குத்தான் காணும்! துளையைச் சிறிதாக்கினால் காற்று குறையும், எரியும் பெட்ரோல் குறையும்; 700 குதிரைத்திறனுக்கு மேல் இருந்த என்ஜின் சுமார் 450க்கு இறங்கிவிடும். தகட்டில் யாரும் கைவைத்துவிடாதபடி, அதிகாரிகளே அளந்து, கலைத்துப்போட்டு, பந்தயக் குழுக்களுக்கு எடுத்துக்கொடுத்தார்கள்.

கோயம்புத்தூர்க்காரர் எஸ்.கரிவரதன் எதிர்த்திசையில் யோசித்தார். பலசாலியை அடக்குவானேன், எல்லாருக்கும் ஒரே சின்ன என்ஜினைக் கொடுத்தால் என்ன? தெருவில் ஓடும் மாருதி 800இன் மூன்று சிலிண்டர் என்ஜினை எடுத்து, ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் கட்டினார். அதுதான் ஃபார்முலா மாருதி. வெறும் 796 சிசி. பழுதானால் உதிரிபாகம் பக்கத்துக் கடையில் கிடைக்கும். பணக்காரர்களின் விளையாட்டு அதனால் பலருக்கு எட்டியது. 1995இல் விமான விபத்தில் அவர் இறந்தார். செட்டிபாளையத்தில் உள்ள பந்தயத் தடம் இன்று அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது.

ஃபார்முலா மாருதியில் தொடங்கியவர்தான் நரேன் கார்த்திகேயன். 2005இல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். 2010இல் நாஸ்காரின் டிரக் பந்தயத்துக்கே போய், சுற்றுக்கு 850 மீட்டர்கூட வராத மார்ட்டின்ஸ்வில் தடத்தில் 13ஆவதாக வந்தார். அந்த ஆண்டு அப்பிரிவில் ரசிகர்களின் மனங்கவர்ந்த ஓட்டுநராகவும் தேர்வானார்.

கூரைக்குள் பந்தயம் என்றால் கணக்கே மாறிவிடுகிறது. மூடிய கூடத்தில் பெட்ரோல் புகை உயிருக்கு ஆபத்து என்பதால், பல இடங்களில் மின்சாரத்தில் ஓடும் சின்ன கார்ட் வண்டிகள்தான் ஓடுகின்றன. மறிக்கக் காற்று இல்லாததால் தகட்டுக்கு அங்கே வேலை இல்லை. வளைவில் ஒருவர் மோதி நின்றால், கண்காணிப்பாளர் ஒரு பொத்தானை அழுத்தி எல்லா வண்டிகளின் வேகத்தையும் ஒரே நொடியில் இறக்கிவிடுகிறார். சில போட்டிகளில், எடை குறைந்த ஓட்டுநரின் வண்டியில் ஈயக்கட்டிகளைப் பொருத்தியும் சமன்செய்கிறார்கள்.